இரண்டாம் கட்டுக்கு வைஃபை: ராஸ்பெரி பை ரவுட்டரும் அது படுத்திய பாடும்

ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினி நல்ல ரவுட்டர், ஆனால் சுமாரான வைஃபை பெட்டி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இரண்டும் ஒரே வேலை என்று நினைத்துக்கொண்டு பையைக் கையில் எடுப்பவர்களுக்குத்தான் பாதித் தலைவலி வருகிறது. ரவுட்டர் வேலை என்பது இந்தப் பக்கம் வரும் தரவுத் துண்டை, அதாவது பாக்கெட்டை, அந்தப் பக்கம் தள்ளுவது, வந்து சேரும் போனுக்கெல்லாம் ஐ.பி. என்ற முகவரி எண்ணை ஆளுக்கொன்று கொடுப்பது (டிஎச்சிபி), தளத்தின் பெயர் கேட்டால் அதன் எண்ணைச் சொல்வது (டிஎன்எஸ்). பை 4-க்கு இது சுண்டைக்காய் வேலை, அதிலிருக்கும் ஈதர்நெட் முழு ஜிகாபிட் வேகம் போகும். வைஃபைக்கு வேண்டியது ஆன்டெனா. பையில் இருப்பது பலகையின் ஓரத்தில் செதுக்கிய ஒரு சின்ன முக்கோணப் பள்ளம், அவ்வளவுதான். சென்னையில் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டுக்கு அது போதும். எங்கள் வீட்டுக்குப் போதாது.

எங்கள் வீடு பள்ளத்தூர்ப் பக்கம். செட்டிநாட்டு வீடு எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். முன் தெருவில் வாசல், பின் தெருவில் பின்வாசல், நடுவில் திண்ணை, முகப்பு, வானம் பார்த்த முற்றத்தோடு வளவு, அதைத் தாண்டி இரண்டாம் கட்டு, அப்புறம் அடுப்படி. செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டிய சுவர், சில இடங்களில் என் முழங்கை நீளத்துக்கு மேல் கனம். நிலையும் கதவும் பர்மாத் தேக்கு. முகப்பில் ஐயா காலத்து ஆளுயரக் கண்ணாடிகள் எதிரும் புதிருமாக மாட்டியிருக்கின்றன, பின்னால் வெள்ளிப் பூச்சு, வைஃபை அலை அதில் பட்டால் திரும்பித்தான் போகும். ஃபைபர் கேபிள் முன் தெருக் கம்பத்திலிருந்து வருவதால் இணைப்பு கொடுக்க வந்தவர் பெட்டியை முகப்பு ஜன்னலோரம் மாட்டிவிட்டுப் போய்விட்டார். அப்பத்தா இருப்பது இரண்டாம் கட்டில். நான் மடிக்கணினியோடு உட்காருவதும் அங்கேதான், மதியம் காற்று வரும்.

பெட்டியின் 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை அலை முதல் சுவரிலேயே நின்றுவிடும். 2.4 வளவு வரை தள்ளாடி வரும். போனில் சிக்னலை எண்ணாகக் காட்டும் செயலி ஏதாவது ஒன்றைப் போட்டுக்கொண்டு வீட்டை ஒரு சுற்று நடந்து பாருங்கள், கோடுகளை நம்ப வேண்டாம். பெட்டிக்குப் பக்கத்தில் மைனஸ் 40 இருக்கும். மைனஸ் 67 வரை வீடியோ கால் தாங்கும். 80-ஐத் தாண்டினால் வாட்ஸ்அப் செய்திகூட யோசித்துத்தான் போகும். எங்கள் இரண்டாம் கட்டில் காட்டியது 84, அடுப்படியில் வைஃபை பெயரே வரவில்லை.

ரிப்பீட்டர் வாங்கலாமே என்று எல்லோரும் சொல்வார்கள். ஒரே ரேடியோ உள்ள ரிப்பீட்டர் கேட்டதை மறுபடி அதே சேனலில் சொல்ல வேண்டும், அதனால் வேகம் பாதியாகும், அதுவும் அது கேட்கிற இடத்தில் சிக்னல் நன்றாக இருந்தால்தான். மெஷ் பெட்டிகள் நல்லவைதான், ஆனால் அவை ஒன்றோடொன்று காற்றில் பேசும்போது குறுக்கே நிற்பது அதே சுவர். ஆக, எப்படிப் பார்த்தாலும் வளவைத் தாண்டி ஒரு கம்பி போயாக வேண்டும். கம்பி போட்டாகிவிட்டால் அதன் முனையில் எதை வைப்பது என்பது உங்கள் இஷ்டம். என்னிடம் ஒரு பை 4 சும்மா கிடந்தது. அதோடு அப்பத்தாவின் டேப்லெட்டில் "பரிசு விழுந்திருக்கிறது" வகை விளம்பரங்களை வாசலிலேயே நிறுத்த வேண்டும், கேமராவும் டிவியும் என் அலுவலக மடிக்கணினி இருக்கும் வலையில் இருக்கக்கூடாது. முகப்புப் பெட்டியில் இதற்கெல்லாம் வசதி கிடையாது. இரண்டாவது ரவுட்டராகப் பையை வைத்ததற்குக் காரணம் இதுதான், சிக்கனம் இல்லை.

கம்பி இழுக்க வந்த வயர்மேன் அண்ணன் முதலில் பார்த்தது நிலைக்கதவைத்தான். "தம்பி, நிலையில ஒரு ஓட்டை போட்டா நேரா போயிரும்" என்றார். "அண்ணே, அதுல மட்டும் கை வச்சிராதீங்க, பெரியப்பாவுக்குத் தெரிஞ்சா என்னை வீட்டுக்குள்ள விடமாட்டாக" என்றேன். கடைசியில் மேலே இருக்கும் காற்றோட்டத் துளை வழியாகக் கொண்டுவந்து, தாழ்வாரத்தின் உத்தரத்தை ஒட்டி பிவிசி குழாயில் சுற்றிக் கொண்டுபோனோம். முற்றத்துக்குக் குறுக்கே நேராக இழுத்தால் தூரம் பாதிதான். ஆனால் செப்புக் கம்பியைத் திறந்த வெளியில் இழுத்துவிட்டு ஐப்பசியில் இடி இடிக்கும்போது பெட்டிக்கு என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டும். அப்படி நேராகத்தான் போக வேண்டும் என்றால் அந்தத் துண்டுக்கு மட்டும் ஃபைபரும் இரண்டு முனையிலும் அதை ஈதர்நெட்டாக மாற்றும் மீடியா கன்வெர்ட்டரும் போடுங்கள், கண்ணாடி இழையில் மின்னல் பாயாது. ஈதர்நெட் கம்பி 100 மீட்டர் வரை போகலாம், தெருவுக்குத் தெரு நீளும் வீட்டில்கூட சுற்றி வர இது போதும்.

சரி, கோளாறுகளுக்கு வருவோம். "நெட் வரலை" என்று வீட்டில் யார் சொன்னாலும் நான் கேட்கும் கேள்விகள் வரிசையாக இவை: போனில் வைஃபை பெயர் தெரிகிறதா, தெரிந்தால் இணைகிறதா, இணைந்தால் ஐ.பி. கிடைத்ததா, கிடைத்தால் வெளியே ஓர் எண்ணுக்குப் பிங் (பதில் வருகிறதா என்று கேட்கும் சோதனை) போகிறதா, போனால் பெயர் சொல்லித் தளம் திறக்கிறதா. எந்தக் கேள்வியில் இல்லை என்று வருகிறதோ அதற்குக் கீழே எதையும் தொடக்கூடாது. ஒன்றின் கோளாறுக்கு இன்னொன்றில் மருந்து தேடினால் பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்றாகிவிடும். நான் பார்த்தவரை வைஃபையின் மேல் விழும் பழியில் பெரும்பகுதி வைஃபைக்குச் சேராதது.

உதாரணத்துக்கு, மின்சாரம். ஆரம்பத்தில் பை அவ்வப்போது தானாக அணைந்து எழுந்தது, பெரும்பாலும் சாயங்காலம். வைஃபை பெயர் போகும், ஒரு நிமிடத்தில் திரும்பி வரும். சேனல் மாற்று, டிரைவர் மாற்று என்று இணையத்தில் ஆயிரம் யோசனை கிடைக்கும். பலகையிடமே கேட்டால் போதும். பையில் மின்னழுத்த நிலையைச் சொல்லும் கட்டளை ஒன்று உண்டு, வி.சி.ஜென்.சி.எம்.டி. என்று தொடங்கும். பதில் சுழியமாக இருந்தால் நலம். 50005 என்று வந்தால் இப்போதே மின்னழுத்தம் குறைவு, அதனால் வேகத்தையும் குறைத்துவிட்டேன் என்று பொருள். 50000 என்றால் இப்போது சரி, ஆனால் கடைசியாகப் பூட் ஆனதிலிருந்து எப்போதோ குறைந்தது. எல்லை 4.63 வோல்ட். திரை மாட்டியிருந்தால் மின்னல் அடையாளம் வரும், ரவுட்டராக அலமாரியில் இருக்கும் பைக்குத் திரை ஏது, அதனால் இந்த எண்ணைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அது ஓடிக்கொண்டிருந்தது போன் சார்ஜரில். வேகமாக சார்ஜ் ஏற்றும் என்று போட்டிருக்கும், ஆனால் அந்த வேகம் 9 வோல்ட்டில்தான். பை கேட்கும் 5 வோல்ட்டில் 2 ஆம்பியர்தான் தருவேன் என்று அடியில் பொடி எழுத்தில் எழுதியிருக்கும். போதாததற்கு மெல்லிய நீளக் கேபிள், அதிலேயே கொஞ்சம் வோல்ட் கரைந்துவிடும். சாயங்காலம் பின்கட்டில் கிணற்று மோட்டார் போடும்போது வீட்டு வோல்டேஜும் ஒரு குதி கீழே போகும். மூன்றும் சேர்ந்தால் பை விழும். 5.1 வோல்ட், 3 ஆம்பியர் என்று பைக்கென்றே விற்கும் அடாப்டரை மாட்டியதும் எண் சுழியத்துக்கு வந்தது. இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் இன்னொன்றும் பாருங்கள்: அதன் பின்னால் யூபிஎஸ் முறை என்று ஒரு சுவிட்ச் இருக்கலாம். சாதாரண முறையில் கரன்ட் மாறும் இடைவெளி நீளம், ஃபேனுக்குத் தெரியாது, பைக்குத் தெரியும்.

இப்படி அடிக்கடி விழுந்து எழுந்தால் பையின் இயங்குதளம் இருக்கும் எஸ்டி கார்டு கெட்டுவிடும், அதற்கு ராஸ்பி-கான்ஃபிக் என்ற அமைப்புப் பட்டியலில் ஓவர்லே என்று ஒரு வசதி இருக்கிறது. அதை இயக்கினால் கார்டில் எதுவும் எழுதப்படாது, எல்லாம் நினைவகத்தோடு போய்விடும். அமைப்பெல்லாம் முடிந்த பிறகு இயக்குங்கள், இல்லையென்றால் மாற்றியது எதுவும் மறுநாள் இருக்காது.

அடுத்து, பெயரே தெரியாத கோளாறு. புதிதாக இயங்குதளம் போட்ட பையில் எந்த நாடு என்று சொல்லாதவரை வைஃபை பூட்டியே இருக்கும். நாட்டுக்கு நாடு எந்த அலைவரிசையை எவ்வளவு சக்தியில் பயன்படுத்தலாம் என்ற விதி மாறுவதால் இந்த ஏற்பாடு. இந்தியா என்று சொன்னதும் பூட்டு திறக்கும். 5 ஜிகாஹெர்ட்ஸில் போட்டால் சேனலைத் தானாகத் தேர்ந்தெடுக்க விடாமல் 36-ல் நிறுத்திவிடுங்கள். 52 முதல் 144 வரை உள்ளவை ரேடாருக்கு வழிவிட வேண்டிய சேனல்கள், அங்கே போய் நின்றால் பெயர் வருவதும் போவதுமாக இருக்கும் அல்லது வரவே வராது. 2.4-ல் 1, 6, 11 மூன்றைத் தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டாம். முகப்புப் பெட்டி 1-ல் இருந்தால் பையை 11-ல் வையுங்கள்.

பெயர் தெரிகிறது, இணைகிறது, ஆனால் ஐ.பி. வரவில்லை, "பெறுகிறது, பெறுகிறது" என்று போன் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இது பெரும்பாலும் பழைய வழிகாட்டிகளால் வருவது. மச்சான் ஒருவர் "இதுல எல்லாம் போட்டாச்சு, மாட்டுனா ஓடும்" என்று கொடுத்த எஸ்டி கார்டு அப்படித்தான் இருந்தது. 2023 அக்டோபரில் வந்த புக்வார்ம் பதிப்பிலிருந்து பையின் இயங்குதளமான ராஸ்பெரி பை ஓஎஸ் வலையமைப்பை நெட்வொர்க்மேனேஜர் என்ற மென்பொருளிடம் ஒப்படைத்துவிட்டது. அதற்கு முன்னால் எழுதிய பாடங்கள் எல்லாம் டிஎச்சிபிசிடி (பைக்கு ஐ.பி. அமைப்பது), ஹோஸ்ட்ஏபிடி (வைஃபை பரப்புவது), டிஎன்எஸ்மாஸ்க் (டிஎச்சிபி, டிஎன்எஸ் வேலை பார்ப்பது) மூன்றையும் தனித்தனியாக நிறுவி, தனித்தனிக் கோப்பில் எழுதச் சொல்லும். புக்வார்மில் அதைச் செய்தால் ஒரே வைஃபை சிப்பை இரண்டு பேர் இழுப்பார்கள். அதிலும் பெரிய வம்பு டிஎன்எஸ்மாஸ்க். நெட்வொர்க்மேனேஜரில் ஓர் இணைப்பைப் "பகிர்" என்று அமைத்தாலே அது தனக்கென்று ஒரு டிஎன்எஸ்மாஸ்க்கை எழுப்பிக்கொள்ளும். நீங்கள் நிறுவியது ஏற்கனவே டிஎன்எஸ் கேள்விகள் வந்து சேரும் வாசலான 53-ஆம் போர்ட்டில் உட்கார்ந்திருந்தால் இது எழ முடியாமல் விழுந்துவிடும். ஐ.பி. கொடுக்க ஆளில்லை. பதிவேட்டில் "முகவரி ஏற்கனவே பயன்பாட்டில்" என்ற பொருளில் ஒரு வரி மட்டும் கிடக்கும், தேடினால்தான் கண்ணில் படும்.

இதற்கு என் தீர்ப்பு ஒன்றுதான், ஏதாவது ஒரு வழியில் போங்கள். ஒன்று எல்லாவற்றையும் நெட்வொர்க்மேனேஜரிடம் விடுங்கள், கட்டளைகளுக்குப் பதில் என்எம்டியூஐ என்ற பட்டியல் திரையிலேயே முடித்துவிடலாம். இல்லையென்றால் விளம்பரங்களைத் தடுக்கும் பை-ஹோல் மாதிரி ஒரு மென்பொருள் டிஎன்எஸ்ஸையும் டிஎச்சிபியையும் முழுதாக எடுத்துக்கொள்ளட்டும், நெட்வொர்க்மேனேஜரில் "பகிர்" என்பதையே தொடாமல் நிலையான ஐ.பி. மட்டும் கொடுத்து, பாக்கெட் கடத்தும் விதியை என்எஃப்டேபிள்ஸில் நீங்களே எழுதுங்கள். நான் இரண்டாவதை எடுத்துக்கொண்டேன், விளம்பரத் தடுப்பு வேண்டும் என்பதால். அவசரத்துக்கு முதலாவது போதும்.

ஐ.பி. வந்துவிட்டது, ஆனாலும் வெளியே எதுவும் திறக்கவில்லை என்றால் அந்த ஐ.பி.யை உற்றுப் பாருங்கள். நம் ஊரில் வரும் ஃபைபர் பெட்டிகள் பலவும் 192.168.1 என்ற வரிசையில்தான் கொடுக்கும். பையிலும் அதே வரிசையை எழுதிவிட்டால், ஒரே தெருவில் ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு மாதிரி ஆகிவிடும். வெளியே போக வேண்டிய பாக்கெட்டை எந்தப் பக்கம் விடுவது என்று பைக்குத் தெரியாது. பையின் பக்கத்தை 10.42.0 என்று வைத்துக்கொள்ளுங்கள், நெட்வொர்க்மேனேஜர் தானாகப் பகிரும்போது கொடுப்பதும் அந்த வரிசைதான்.

இதோடு ஒட்டி ஒரு பக்கவாட்டுச் செய்தி. சித்தப்பா மகன் விடுமுறைக்கு வரும்போது ராத்திரி பத்து மணிக்கு மேல் அவன் போனுக்கு நெட் நிற்க வேண்டும் என்று சித்தி கேட்டுக்கொண்டார். போனின் மேக் முகவரியை, அதாவது கருவியின் அடையாள எண்ணை, வைத்து விதி எழுதுவது வழக்கம். ஆண்ட்ராய்டு 10-லும் ஐஓஎஸ் 14-லும் இருந்து போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு போலி மேக் முகவரியைக் காட்டுகின்றன. வைஃபையை மறந்துவிடு என்று சொல்லி மறுபடி இணைந்து, தனியுரிமை அமைப்பையும் மாற்றிக்கொண்டால் வேறு ஆளாக வந்து நிற்கலாம். பையன் அதை ஒரே ராத்திரியில் கண்டுபிடித்துவிட்டான். விதியை எடுத்துவிட்டேன், அவனுக்கு நெட்வொர்க்கிங் வேலை கிடைக்கும் போலிருக்கிறது என்று சித்தியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த கோளாறு இனிமேல்தான். பையில் படங்கள் சேமிக்க ஒரு எஸ்எஸ்டியை நீல நிற யூஎஸ்பி 3 துளையில் மாட்டினேன். அன்றிலிருந்து 2.4-ல் இணைந்த டேப்லெட் திணறியது. "என்னய்யா, உன் பொட்டி வந்ததுல இருந்து சீரியல் சுத்திக்கிட்டே இருக்கு" என்று அப்பத்தா. "ரெண்டு நிமிஷம் பொறுங்க அப்பத்தா, பாத்துர்றேன்" என்று சொல்லிவிட்டு டேப்லெட்டுக்குப் பிங் ஓடவிட்டேன். 180, 240, பதிலில்லை, 310 மில்லி விநாடி. அப்படியே ஓடவிட்டுக்கொண்டு எஸ்எஸ்டியை முறைப்படி நிறுத்தி வயரை உருவினேன். அடுத்த வரியிலேயே 4, 3, 5. மறுபடி மாட்டி ஏதோ ஒரு கோப்பை நகலெடுத்தால் மறுபடி 200-க்கு மேல். யூஎஸ்பி 3 ஓடும் வேகத்தில் அதன் வயரும் இணைப்பானும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சலை உமிழும், இன்டெல் நிறுவனமே 2012-இல் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. பையில் அந்தத் துளைக்கும் ஆன்டெனாவுக்கும் இடையில் சில சென்டிமீட்டர்தான். கறுப்பு நிற யூஎஸ்பி 2 துளைக்கு மாற்றினால் இரைச்சல் நின்றுவிடும், எஸ்எஸ்டி வேகம் குறையும். அந்த வேகம்தான் வேண்டும் என்றால், நல்ல காப்பு போட்ட நீட்டிப்பு வயரில் எஸ்எஸ்டியைத் தள்ளி வையுங்கள். உலோகப் பெட்டிக்குள் பையை வைத்துவிட்டு சிக்னல் இல்லை என்பவர்களைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வேகம் பற்றிய புகாரில் ஓர் எண்ணை மட்டும் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள்: 94. வேகச் சோதனையில் எப்போது பார்த்தாலும் 93, 94 எம்பிபிஎஸ்ஸிலேயே வெட்டிவைத்த மாதிரி நின்றால், வைஃபையைத் திட்ட வேண்டாம், ஈதர்நெட் இணைப்பு ஜிகாபிட்டுக்கு, அதாவது 1000-க்கு, பதில் 100-ல் ஓடுகிறது. ஜிகாபிட்டுக்குக் கம்பிக்குள் இருக்கும் நான்கு ஜோடியும் வேண்டும். 100-க்கு ஆரஞ்சும் பச்சையும் போதும், நீலமோ பழுப்போ அறுந்திருந்தால் இரண்டு முனையும் பேசி 100-க்கு இறங்கிவிடும், யாரிடமும் சொல்லாது. எங்கள் கம்பியில் அப்படித்தான். முனையை வெட்டி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நீல ஜோடியில் ஒரு இழை பிளாஸ்டிக்குக்குள் பாதி வரைதான் போயிருந்தது, பல் அதைக் கடிக்கவே இல்லை. வேறு ஆர்ஜே45 முனை போட்டு அழுத்தியதும் 900-க்கு மேல் போனது. கம்பி வாங்கும்போது முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியது பாதி விலைக்குக் கிடைக்கும், வளைத்தால் ஒடியும். கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும்.

அப்புறம், மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த பிறகு வரும் கோளாறு. நம் பக்கத்து வீடுகளுக்கு என்றே செய்துவைத்த மாதிரி இருக்கும். கோடைக்கு அப்பத்தாவைச் சென்னையில் அத்தை வீட்டில் விட்டுவிட்டு நானும் அங்கேயே இருந்துவிட்டேன், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவது எங்கள் வீட்டு வழக்கம். திரும்பி வந்து சுவிட்சைப் போட்டால் வைஃபை வருகிறது, ஐ.பி. வருகிறது, எண்ணுக்குப் பிங் போகிறது, ஆனால் எந்தத் தளமும் பெயரால் திறக்கவில்லை. முகப்புப் பெட்டியில் நேராக இணைந்தால் எல்லாம் ஓடுகிறது. ஆக, கோளாறு பையின் டிஎன்எஸ்ஸில்.

பை 4-இல் கடிகாரம் கிடையாது. அணையும்போது நேரத்தை ஒரு கோப்பில் குறித்துக்கொண்டு, எழும்போது அங்கிருந்தே எண்ணத் தொடங்கும், பிறகு இணையத்தில் நேரம் கேட்டுச் சரிசெய்துகொள்ளும். எங்கள் பைக்கு இன்னும் ஏப்ரல்தான். பை-ஹோலுக்குப் பின்னால் அன்பவுண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருளை வைத்திருந்தேன். அது பதில்களோடு வரும் மின்கையெழுத்து எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்று பார்க்கும். இன்றைய கையெழுத்து எல்லாம் அதன் கணக்கில் எதிர்காலத்தில் போட்டவை, செல்லாது என்று தள்ளிவிட்டது. சரி, நேரத்தைத் திருத்தலாம் என்றால் நேரம் சொல்லும் சர்வரின் பெயரை எண்ணாக்கவும் அதே அன்பவுண்டைத்தான் கேட்க வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்கிற கதை. கையால் தேதியைக் கொடுத்ததும் அத்தனையும் ஓடியது. நிரந்தரத் தீர்வு இரண்டு. நேர சர்வருக்குப் பெயருக்குப் பதில் எண்ணையே கொடுக்கலாம், முகப்புப் பெட்டி நேரம் சொல்லும் வகையாக இருந்தால் அதன் எண்ணே போதும். அல்லது டிஎஸ்3231 என்ற சின்னக் கடிகாரப் பலகையை ஜிபிஐஓ ஊசிகளில் சொருகலாம், அதன் நாணய பேட்டரி வருடக்கணக்கில் தாங்கும். நான் பலகையைச் சொருகினேன். பை 5-இல் கடிகாரம் உள்ளேயே இருக்கிறது, பேட்டரி மட்டும் தனியாக வாங்க வேண்டும்.

இவ்வளவும் சரியான பிறகு முன்னோருக்குப் படையல் போடும் படைப்பு வந்தது. பங்காளிகள் எல்லாம் குடும்பத்தோடு வந்து வளவில் இறங்கியதும் ஆளுக்கொரு போன், சிலருக்கு இரண்டு. முதலில் இணைந்தவர்களுக்கு நெட் ஓடியது, பின்னால் வந்தவர்களுக்குக் கடவுச்சொல் சரியாக இருந்தும் இணையவில்லை. ஐ.பி. தீர்ந்துவிட்டதோ என்று பார்த்தால் நிறைய மிச்சம். பையின் உள் வைஃபை சிப்பில் இருக்கும் ஃபர்ம்வேர் என்ற உள்மென்பொருள் ஒரே நேரத்தில் இத்தனை சாதனம்தான் என்று வரம்பு வைத்திருக்கிறது, அதுவும் கைவிரலில் எண்ணிவிடலாம். வரம்பைக் கொஞ்சம் உயர்த்தும் மினிமல் என்ற மாற்று ஃபர்ம்வேர் அதே தொகுப்பிலேயே உண்டு, ஆனால் வளவு முழுக்க ஆட்கள் இருக்கும்போது அதை நம்பி உட்கார முடியாது.

முதல் வரியில் சொன்னது இதைத்தான். பையின் வைஃபையை அணைத்துவிட்டேன். பரணில் கிடந்த பழைய ரவுட்டர் ஒன்றைத் துடைத்தெடுத்து, அதன் டிஎச்சிபியை நிறுத்தி, அதன் சொந்த ஐ.பி.யை 10.42.0.2 என்று மாற்றி, பையிலிருந்து வரும் கம்பியை அதன் வான் (WAN, வெளி இணைப்பு) துளையில் மாட்டாமல் லேன் (LAN, உள் இணைப்பு) துளை ஒன்றில் மாட்டினேன். இப்போது அது வெறும் வைஃபை பெட்டி, புத்தியெல்லாம் பையிடம். வான் துளையில் மாட்டினால் அது தானும் ஒரு ரவுட்டராகி மூன்றாவது அடுக்கு சேர்ந்துவிடும், இரண்டு அடுக்கே தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதுதான். பைக்கு இரண்டாவது ஈதர்நெட் வேண்டும் என்பதால் யூஎஸ்பி ஜிகாபிட் அடாப்டர் ஒன்று வாங்கினேன். இதை நீலத் துளையில் தைரியமாக மாட்டலாம், பக்கத்தில் கேட்கும் ஆன்டெனா இல்லையே. நெட்வொர்க்மேனேஜர் "வயர்டு கனெக்ஷன் 1" என்று தானாக ஓர் அமைப்பை உருவாக்கி எந்தத் துளைக்கு வேண்டுமானாலும் மாட்டிவிடும். இரண்டு துளைக்கும் இரண்டு அமைப்பு எழுதி ஒவ்வொன்றையும் அதனதன் கருவியோடு கட்டிப்போடுங்கள், இல்லையென்றால் ஒருநாள் உள்ளும் வெளியும் இடம் மாறி, பை முகப்புப் பெட்டிக்கே ஐ.பி. கொடுக்கக் கிளம்பிவிடும்.

இரண்டாம் கட்டில் இப்போது மைனஸ் 50-க்குப் பக்கத்தில் இருக்கிறது, அடுப்படியில் 62. சிங்கப்பூரில் இருக்கும் இன்னொரு அத்தையிடம் அப்பத்தா அடுப்படியிலிருந்தே வீடியோவில் பேசுகிறார், கும்மாயம் கிண்டுவதைக் காட்டிக்கொண்டே.

பாக்கி இருப்பது பின்வாசல் கேமராவை வெளியூரிலிருந்து பார்ப்பது. பையில் போர்ட் திறந்தேன், முகப்புப் பெட்டியிலும் திறந்தேன், வரவில்லை. முகப்புப் பெட்டியின் வெளிப்பக்க ஐ.பி.யைப் பார்த்தால் 100.72 என்று தொடங்குகிறது. 100.64 முதல் 100.127 வரை உள்ள எண்கள் இணைப்பு கொடுப்பவர்கள் பல வீடுகளை ஒரே பொது ஐ.பி.க்குப் பின்னால் அடைத்து வைக்கப் பயன்படுத்துபவை, அங்கே நாம் எந்தப் போர்ட்டைத் திறந்தும் பயனில்லை. தனி ஐ.பி. கேட்டிருக்கிறேன், மாதாமாதம் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்கிறார்கள். அவர்கள் பதில் வரும்வரை பையிலேயே டெயில்ஸ்கேல் என்ற தனிவலை (விபிஎன்) மென்பொருளைப் போட்டு வைத்திருக்கிறேன். உள்ளிருந்து வெளியே அதுவாகக் கூப்பிட்டு இணைப்பைப் பிடித்துக்கொள்வதால் போர்ட் எதுவும் வேண்டாம். கேமரா படம் வருகிறது, ராத்திரியில் மட்டும் கொஞ்சம் விட்டுவிட்டு வருகிறது. அது கேமராவின் அடாப்டரா, வைஃபையா என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும். முதலில் அடாப்டரைத்தான் மாற்றப் போகிறேன்.